கோமாரி வந்து தேறின காளையை எருது விடும் விழாவுல விடலாமா? இன்னும் 16 நாள்தான் இருக்கு

காவேரிப்பட்டணம்_மயிலை | ஜனவரி 18, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை ஓரத்துல எங்க ஊர். வீட்டுல ஹள்ளிக்கார் காளை ஒன்னு இருக்கு, இப்போ ஆறு பல் வயசு. விழாவுக்குன்னு வேற பேர் வெச்சிருந்தாலும் வீட்டுல மயிலைன்னுதான் கூப்பிடுவோம். போன வருஷம் எங்க ஊர்த் தெருவுல 120 மீட்டரை 11.2 விநாடியில ஓடி மூணாவது பரிசு வாங்கிச்சு. இந்த வருஷம் முதல் பரிசு பைக். ஊரே மயிலை மேலதான் கண்ணா இருக்கு.

கார்த்திகை தீபம் முடிஞ்ச வாரம் அதுக்கு கோமாரி வந்துடுச்சு. ஊசி முகாம் வந்த அன்னைக்கு மயிலை வேப்பனப்பள்ளியில என் மாமா வீட்டுல இருந்தது. திரும்பி வந்த பிறகு "அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்"னு விட்டது என் தப்பு. நாலு நாள் நல்ல காய்ச்சல், வாயெல்லாம் புண்ணு, நுரையா ஒழுகிச்சு. முன்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தித் தூக்கி நின்னது. டாக்டர் வந்து ஊசி போட்டார். அம்மா சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் எல்லாம் அரைச்சு நாக்குல தடவிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு வாரத்துல தீனி எடுக்க ஆரம்பிச்சுது. இப்போ ராகித்தாள், கொள்ளு, பருத்திக்கொட்டை எதுவும் மிச்சம் வைக்கறதில்ல. எலும்பு தெரிஞ்ச இடமெல்லாம் மூடிடுச்சு. கயித்தை அவுத்தா துள்ளுது.

மனசுல உறுத்தறது ரெண்டு விஷயம். போன ஞாயித்துக்கிழமை ஆத்து மணல்ல சும்மா ஒரு ஓட்டம் விட்டோம். ஓடினது நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா நின்ன பிறகு நாக்கை வெளிய போட்டு வாயால மூச்சு வாங்கிச்சு. இதுக்கு முன்னாடி அப்படிப் பாத்ததே இல்ல. இன்னொன்னு, உடம்புல முடி நீளமா, சொரசொரன்னு வளர்ந்திருக்கு. பனிக்காலம்னு அப்பா சொல்றார்.

மாமா சொல்றது: "மாடு பளபளன்னு நிக்குது, என்னடா யோசனை? அன்னைக்குக் காலையில ஒரு வலி ஊசி, ஒரு சத்து ஊசி போட்டு விடு, பறக்கும்." அவர் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்ல. பேர் குடுக்க 27ஆம் தேதி கடைசி. மாடு முழுசாத் தேறிடுச்சான்னு எதை வெச்சு முடிவு பண்றது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

பர்கூர்_காளைப்பட்டாளம் | ஜனவரி 18, இரவு 10:05

அண்ணா, தீனி எடுக்குது, துள்ளுதுன்னா வேற என்ன வேணும்? எங்க காளைக்கு போன வருஷம் மூணு நாள் காய்ச்சல் வந்துச்சு, பத்தாவது நாள் ஓடி பரிசு அடிச்சுது. கிணத்துல தினமும் நீச்சல் விடுங்க, மூச்சு தன்னால கட்டும். நாங்க பாக்க வர்றோம் 🔥

---

பாலக்கோடு_செல்வி | ஜனவரி 19, காலை 6:20

பர்கூர் தம்பி, மூணு நாள் காய்ச்சல்ங்கற நோய் வேற, கோமாரி வேற. கொசு கடிச்சு வர்ற அது வந்த வேகத்துல போயிடும். கோமாரி போன பிறகும் மாட்டை விடாது.

எங்க கறவை மாடு ஒன்னுக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்தது. புண்ணெல்லாம் ஆறிடுச்சு, பாலும் பாதிக்குமேல திரும்பிடுச்சு. ஆனா பங்குனி வெயில் வந்ததும் பதினோரு மணிக்கே நாய் மாதிரி இரைக்க ஆரம்பிச்சுடும். மேய விட்டா புளியமரத்தடியை விட்டு நகராது. கரடி மாதிரி முடி. நானும் பனிக்குன்னுதான் நினைச்சேன், சித்திரை வந்தும் உதிரல. ரெண்டு கோடை அப்படியே போச்சு. அடுத்த சினை நிக்கவும் ரொம்ப நாளாச்சு. நீங்க முடியைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. பனிக்கு வளர்ற முடின்னா பக்கத்துல நிக்கற மாட்டுக்கும் வளரணுமே, வளர்ந்திருக்கா?

---

மத்திகிரி_பழைய_சைஸ் | ஜனவரி 19, பிற்பகல் 1:15

தம்பி, நான் மாட்டுக்காரன் இல்ல, குதிரைக்காரன். பெங்களூரு ரேஸ் கோர்ஸ்ல 31 வருஷம் சைஸா, அதாவது குதிரையைப் பாத்துக்கறவனா இருந்தேன். இப்போ மத்திகிரியில வீட்டோட ரெண்டு பசு வெச்சிருக்கேன். எங்கப்பா இங்க மாட்டுப் பண்ணையில வேலை பாத்தவர். அந்தப் பண்ணையே 1824ல பட்டாளத்துக் குதிரைக்காகத் தொடங்கினது, மாடு பிறகுதான் வந்துது. அதனால மாட்டைப் பத்திக் குதிரைக்காரன் பேசினா எங்க ஊர்ல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

நீ கேட்டதை நான் வேற இடத்துல பாத்திருக்கேன். 1994ல என் பொறுப்புல ஒரு பொட்டைக் குதிரை, மூணு வயசு. பேர் வேண்டாம். பெரிய ரேசுக்கு 26 நாள் இருக்கும்போது இருமல், மூணு நாள் காய்ச்சல், 103.4 வரைக்கும் போச்சு. குதிரைக்கு 99லிருந்து 101 வரைக்கும்தான் சரி. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிச்சு. ஒரு வாரத்துல தொட்டியில ஓட்ஸ் ஒரு மணி மிச்சமில்லாம நக்கிடுச்சு. குதிரை மசால் தீவனத்தைக் கண்டா கனைக்கும். தேய்ச்சு விட்டா தோல்ல முகம் பாக்கலாம். வந்தவங்க எல்லாம் "தேறிடுச்சு"ன்னாங்க. காலை ஒர்க்குல கடைசி 600 மீட்டரை 38 விநாடியில ஓடிக் காட்டிச்சு. வாட்ச் பிடிச்சவன் சிரிச்சான்.

எனக்கு மட்டும் ஒத்துக்கல. ஓட்டம் முடிஞ்சதும் கயித்தைப் பிடிச்சு வட்டமா நடத்திக்கிட்டுப் போறது நான்தானே. நோய் வர்றதுக்கு முன்னாடி மூணாவது சுத்துல அதோட பக்கவயிறு அடங்கிடும். இப்போ ஏழாவது சுத்துலயும் துருத்தி மாதிரி ஏறி இறங்குது. தாடை எலும்புக்கு உள்பக்கம் விரல் வெச்சா ஒரு நாடி ஓடும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு எப்பவும் 50, 52 இருக்கும். அன்னைக்கு 72. டிரெயினர்கிட்ட சொன்னேன். "வாட்சைப் பார், வயித்தைப் பாக்காதே"ன்னார். முதலாளியோட சொந்தக்காரங்க பம்பாயிலிருந்து டிக்கெட் போட்டாச்சு, அவர் என்ன செய்வார்.

ரேஸ் அன்னைக்குத் திருப்பம் வரைக்கும் ரெண்டாவதா வந்துச்சு. நேர் ஓட்டத்துல அப்படியே பின்னாடி போச்சு. திரும்பி வந்தப்போ ரெண்டு மூக்குலயும் ரத்தம், என் சட்டையெல்லாம். ரத்தம் வந்த குதிரையைக் கொஞ்ச காலம் ஓட விட மாட்டாங்க. தடை முடிஞ்சு வந்த பிறகும் அது பழைய குதிரையா இல்ல.

அப்புறம் ஒரு வெட்னரி டாக்டர் விளக்கினார். மூச்சுக்குழாய்க்கு உள்ள கண்ணுக்குத் தெரியாத ரோமம் இருக்காம், சளியையும் தூசியையும் கூட்டி மேல தள்ள. காய்ச்சல் இருமல் வந்தா அது கருகிப் போயிடும், திரும்ப முளைக்க வாரக்கணக்குல ஆகும். ஒரு நாள் காய்ச்சலுக்கு ஒரு வாரம் ஓய்வுன்னு அவங்க கணக்கு வெச்சிருக்காங்க. வெளியில தோல் மின்னறதுக்கும் உள்ள முளைக்கறதுக்கும் சம்பந்தமில்ல.

உன் மாடு ஓடினதை விடு, ஓடி நின்ன பிறகு எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு பார். ஓட்டம் அதோட ரோஷத்துல வரும். தைரியமான மிருகம் இல்லாத மூச்சையும் எடுத்து ஓடிடும்.

உன்கிட்ட நோய்க்கு முன்னாடி எழுதி வெச்ச கணக்கு இருக்காது. வீட்டுல இன்னொரு காளை இருக்கா? அதே வயசு, அதே தீனி, நோய் வராதது? இருந்தா அதை அளவுகோலா வெச்சுக்கோ. மூணு நாள் இதைச் செய்.

காலையில தீனி வைக்கறதுக்கு முன்னாடி, ரெண்டும் கொட்டாயில அமைதியா நிக்கறப்போ, எட்ட நின்னு ஒரு நிமிஷம் பக்கவயித்தைப் பார்த்து மூச்சு எண்ணு. பக்கத்துல போனா எண்ணிக்கை ஏறிடும். அப்புறம் வால் அடியில, தொடக்கத்துலயிருந்து நாலு விரல் கீழ, உள்பக்க நடுவுல விரல் வெச்சா நாடி தெரியும். முழு நிமிஷம் எண்ணு, 15 விநாடி எண்ணி நாலால பெருக்காதே. நடுவுல துடிப்பு விட்டுப் போகுதான்னு தெரியணும். காய்ச்சல் கருவி ஒன்னு வாங்கிக்கோ, பின்பக்கம் ஆசனவாயில வெச்சு ரெண்டு நிமிஷம் பிடி. மாட்டுக்கு 101லிருந்து 102.5 வரைக்கும் சரி. பிறகு ரெண்டையும் சேர்த்து அரை மணி நேரம் சமதரையில நடத்து. ஓட்டாதே. நின்னதும் எண்ணு, கால் மணியில எண்ணு, அரை மணியில எண்ணு. மத்தியானம் ரெண்டு மணிக்கு நிழல்ல திரும்ப ஒரு தரம் எண்ணி காய்ச்சலும் பார். எல்லாத்தையும் நோட்டுல எழுது, மாமாவுக்குக் காட்டலாம்.

குதிரைக்கு வேர்வை கொட்டும், அதுல சூடு இறங்கிடும். மாடு குதிரை அளவுக்கு வேர்த்து ஆத்திக்காது, மூச்சாலயும் ஆத்தணும். மூச்சு போச்சுன்னா அதுக்கு சூடு இறங்கறது கஷ்டம். வாயைத் திறந்து நாக்கைப் போட்டு இரைக்குதுன்னு எழுதினியே, அதை நான் சின்ன விஷயமா நினைக்கல.

கிணத்து நீச்சல் இப்போ வேண்டாம். தண்ணியில நிறுத்தி மூச்சு வாங்க முடியாது.

---

ஊத்தங்கரை_ஓய்வு_கால்நடை_ஆய்வாளர் | ஜனவரி 19, இரவு 8:30

சைஸ் ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கோமாரி வைரஸ் வாய், குளம்போடு நிற்பதில்லை. கன்றுகளில் இதயத் தசையைத் தாக்கி நின்ற இடத்தில் விழ வைக்கும். பெரிய மாடுகளில் அது அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. செல்வி சொன்ன இரைப்பும் நீள முடியும் கோமாரிக்குப் பிறகு வருகிற கோளாறுதான். உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கெட்டுவிடுகிறது. என் பணிக்காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பார்த்தேன். சில மாடுகள் ஒரு வருடத்தில் சரியாகும், சில ஆகாது.

இரண்டாவது குளம்பு. முன்னங்காலைக் கழுவி, முடி முடிகிற இடத்துக்குக் கீழே பாருங்கள். அரை விரல் அகலம் கீழே குறுக்காக ஒரு பள்ளமோ கோடோ இருக்கும். நோய் வந்த நாளில் குளம்பு வளர்வது நின்று திரும்பத் தொடங்கிய அடையாளம் அது. மாட்டுக் குளம்பு மாதத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுதான் வளரும். அந்தக் கோடு நுனிக்கு இறங்கி வெட்டுப்பட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மணலில் ஓடியது பெரிதில்லை. விழா நடப்பது தார், சிமெண்ட் தெருவில். பிரிந்த குளம்பு அங்கேதான் வாய் பிளக்கும்.

வலி ஊசி வேண்டவே வேண்டாம். கால் வலித்தால் மாடு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் நீங்கள் எடுத்துவிட்டால் அதற்கு நிறுத்தத் தெரியாது. கூட்டத்துக்குள் விழுந்தால் மனிதருக்கும் ஆபத்து. விழா அன்று காலையில் கால்நடைத் துறை டாக்டர் பரிசோதிப்பார், உண்மைதான். ஆனால் வரிசையில் நூற்றுக்கணக்கான காளைகள் நிற்கும்போது ஒரு மாட்டுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நின்ற நிலையில் பார்த்தால் உங்கள் மயிலை அந்தப் பரிசோதனையில் தேறிவிடும். முன்கூட்டியே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழைத்தோ, ஆஸ்பத்திரிக்கு நேரில் ஓட்டிப்போயோ, நடத்திய பிறகு இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

---

பர்கூர்_காளைப்பட்டாளம் | ஜனவரி 19, இரவு 9:02

சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் 🙏 நீச்சல் விடாதீங்க அண்ணா.

---

காவேரிப்பட்டணம்_மயிலை | ஜனவரி 23, இரவு 10:50

சைஸ் ஐயா, ஆய்வாளர் ஐயா, செல்வி அக்கா எல்லாருக்கும் நன்றி. மூணு நாள் எண்ணிட்டேன். தம்பியோட செவலைக் காளையும் ஆறு பல், அதைத்தான் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். அதுக்கு முகாம்ல ஊசி போட்டிருந்தோம், அதே கொட்டாயில நின்னும் நோய் வரல. செவலைக்கு முடி வழக்கம்போலத்தான் இருக்கு அக்கா. நீங்க கேட்ட பிறகுதான் கையால தடவிப் பாத்தேன்.

மூணு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்ததால கடைசி நாள் கணக்கை மட்டும் எழுதறேன். விடியக்காலை மயிலைக்கு சூடு 101.6, மூச்சு 24, நாடி 68. செவலைக்கு 101.2, 20, 56. இதைப் பாத்து எனக்கு சந்தோஷம், பெரிய வித்தியாசமில்லன்னு அப்பாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன்.

அரை மணி நடை முடிஞ்சதும் செவலைக்கு மூச்சு 40, கால் மணியில 24, அரை மணியில 20. புல்லைத் தேட ஆரம்பிச்சுடுச்சு. மயிலைக்கு நின்னதும் 64, கால் மணியில 52, அரை மணியில 40. வெறும் நடைதான், அதுவும் காலை ஏழு மணி, பனி கூட விலகல. மத்தியானம் ரெண்டு மணிக்கு நிழல்ல கட்டினபடியே மயிலைக்கு 103.7, மூச்சு 70, வாய் பாதி திறந்திருந்தது. செவலைக்கு 102.1, மூச்சு 34.

வால் நாடியில மூணு நாளும் நடைக்கப்புறம் ஒரு துடிப்பு விட்டு விட்டு வந்தது. முதல் தடவை என் விரல்தான் நழுவிடுச்சுன்னு நினைச்சேன். தம்பியைக் கூப்பிட்டு வெக்கச் சொன்னேன், அவனும் அதையே சொன்னான். குளம்புல ஆய்வாளர் ஐயா சொன்ன இடத்துலயே கோடு. ரெண்டு மாசமா தினமும் தண்ணி ஊத்திக் கழுவற காலு, ஒரு நாளும் கண்ணுல படல.

இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா வளாகத்துக்குள்ள பத்து நிமிஷம் நடத்தச் சொல்லிட்டு ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. துடிப்பு சீரா இல்ல, இந்த வருஷம் ஓட்டம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. மாமா கூட வந்திருந்தார். நோட்டை அவரே வாங்கிப் பக்கம் பக்கமா புரட்டினார். ஒன்னும் பேசல. போச்சம்பள்ளிச் சந்தையில வித்துடலாம்னு மட்டும் வண்டியில வர்றப்போ சொன்னார். வித்தா வாங்கறவன் ஓட விடுவான். அப்பா முடியாதுன்னுட்டார்.

ஐயா, ரெண்டு கேள்வி. முடியைக் கத்தரிச்சு விடலாமா? விழா அன்னைக்கு கொம்புக்கு வர்ணம் அடிச்சு, பூஜைக்கு மட்டும் வாடி வரைக்கும் ஓட்டிட்டுப் போகலாமா? ஊர்ல கேக்கறாங்க.

---

மத்திகிரி_பழைய_சைஸ் | ஜனவரி 24, காலை 5:10

மூணு நாள் பொறுமையா எண்ணினியே, அது போதும் தம்பி. எங்க ஸ்டேபிள்ல உன்னை மாதிரி ஒரு பையன் கிடைச்சிருந்தா நான் இன்னும் ரெண்டு வருஷம் வேலை பாத்திருப்பேன்.

முடியைக் கத்தரி. குதிரைக்கு நாங்க செய்யறதுதான். கழுத்து, விலா, தொடை மட்டும். முதுகுத் தண்டு மேல விட்டுடு, வெயில் நேரா அங்கதான் விழும். மாசி முடியற வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி கால் மணி நேர நடை, அவ்வளவுதான். மத்தியானம் ஈரச் சாக்கு போடறவங்க இருக்காங்க. சாக்கு காஞ்சா உள்ள சூடு கட்டிக்கும், அதுக்கு பதிலா அடிக்கடி தண்ணி ஊத்து. கொள்ளைக் குறைச்சுடு, ஓடாத மாட்டுக்கு அவ்வளவு எதுக்கு. மாசம் ஒரு தரம் இதே நோட்டுல இதே மாதிரி எண்ணி எழுது. அரை மணியில செவலை அளவுக்கு இறங்கற அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட திரும்பப் போ.

பூஜையை வீட்டு வாசல்லயே வெச்சுக்கோ. வாடிக்கு வேண்டாம். அதுக்கு அந்த இடம் தெரியும், சத்தம் தெரியும். கயித்தைப் பிடிச்சு நிறுத்தினா நின்னுக்கிட்டே ஓடும். என் குதிரையை ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ரேஸ் நாள்ல வெளிய நடத்திக்கிட்டுப் போனேன். மணி அடிச்ச சத்தம் கேட்டு உடம்பெல்லாம் நுரையாகிடுச்சு. ஒரு அடி ஓடல அது. செவலை ஓடப்போகுதா?

---

காவேரிப்பட்டணம்_மயிலை | பிப்ரவரி 3, இரவு 8:15

செவலையை விட்டோம் ஐயா. தம்பிதான் பிடிச்சான். 12.6 விநாடி, பரிசு இல்ல, சில்வர் குடம் ஒன்னு குடுத்தாங்க. பைக்கை வேப்பனப்பள்ளிக்காரங்க ஓட்டிட்டுப் போனாங்க. மாமா முகத்தை நீங்க பாக்கணுமே, அவர் ஊர் மாடுதான், ஆனா அவர் மாடு இல்ல.

மயிலையை விடியறதுக்கு முன்னாடியே ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க மாந்தோப்புக்கு ஓட்டிட்டுப் போயிட்டேன். முக்கால் மைல் இருக்கும். பத்து மணிக்கு ஊர்ல பறை அடிக்க ஆரம்பிச்சாங்க, எனக்கே சன்னமாத்தான் கேட்டுச்சு. மயிலை மேயறதை நிறுத்திட்டு ரெண்டு காதையும் ஊர்ப் பக்கம் திருப்பி, தலையைத் தூக்கி நின்னது. எட்ட நின்னு எண்ணினேன். மரத்தடி நிழல்ல சும்மா நிக்கறப்பவே மூச்சு 48.